ஒரு பேருக்கு மட்டும் முறை எழுதவில்லை

வடக்குப் பேட்டைத் தெருவில் ஒருவரை ஒருவர் வெறும் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. பேர் என்பது ரேஷன் கார்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும்தான்; வாயில் வருவதெல்லாம் அண்ணாச்சி, மைனி, மாமா, அத்தை, சித்தி, தம்பி என்றுதான் இருக்கும், சாதி வேறானாலும் சரி, பள்ளிவாசலுக்குப் போகிறவரானாலும் சரி, சர்ச்சுக்குப் போகிறவரானாலும் சரி, வாடகைக்கு வந்து சாமான் இறக்கி முடிக்காதவரானாலும் சரி, அடிகுழாயில் முதல் குடம் நிறைவதற்குள் அவருக்கு ஒரு முறை வைத்துவிடுவார்கள், அவரும் அதற்குள் திரும்ப ஒரு முறை வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் தலைக்கனம் பிடித்த ஆள் என்று பேராகிவிடும். தென்காசிப் பக்கத்து எலுமிச்சைச் சந்தை ஊர் அது. லாரி டிரைவர்கள்கூட அங்கே இரண்டு நாள் தங்கினால் யாருக்காவது மருமகனாகித்தான் திரும்புவார்கள்.

அந்தத் தெருவின் நடுவில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிற செண்பகவடிவுக்கு ஒரு நாள் காலையில் வருமான வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. காகிதமாகக்கூட வரவில்லை, போனில் வந்தது. அதிலிருந்த இங்கிலீஷில் அவளுக்குப் புரிந்தது தன் பேரும் பதினோரு லட்சம் என்ற தொகையும் மட்டும்தான். பணம் வந்த கதை ஊரறிந்தது. முப்பத்தொன்பது வயதுக்காரி, கல்யாணம் ஆகாதவள், அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாகத் தையல் மிஷினை மிதித்து மிதித்து முதுகெலும்பில் கோளாறு வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்யாவிட்டால் இனி எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னபோது, தெரு கூடிப் பேசக்கூட இல்லை, ஆளாளுக்கு பேங்குக்குப் போய் அவள் கணக்கில் இருநூறும் ஐநூறும் பத்தாயிரமும் போட்டுவிட்டு வந்து, போட்டதை வாய்விட்டுச் சொல்லாமல் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இப்போது அவள் நிமிர்ந்து நடக்கிறாள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் அரசாங்கம் கேட்டது.

ஆடிட்டர் சற்குணம் அவளைவிட நாலு வயது சின்னவர், நல்ல மனுஷர், ஆனால் எதையும் கெட்டதாகவே முடியும் என்று எதிர்பார்த்துப் பழகியவர். நோட்டீஸைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"சொந்தக்காரங்க குடுத்திருந்தா எவ்வளவுன்னாலும் வரி கிடையாதுக்கா. வெளியாளுங்க குடுத்தது மொத்தமா அம்பதாயிரத்தத் தாண்டிட்டா முழுசுக்கும் வரி உண்டு. அதுக்கு மேல வட்டி வேற."

"சொந்தம்னா யாரெல்லாம் தம்பி?"

"அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி. அவங்களக் கட்டினவங்க. இவ்வளவுதான்."

"அத்தை மகன், மாமன் மகன் எல்லாம்?"

"அது கிடையாது. சட்டத்துல அவங்க வெளியாளுதான்."

அதை ஏன் கேட்டோம் என்று செண்பகவடிவுக்கே விளங்கவில்லை. ஆனால் மனசு லேசாகிவிட்டது. "அப்ப ஒண்ணும் பிரச்சினையில்ல. எல்லாரும் சொந்தந்தான்" என்றாள். வரிக் கணக்கு தாக்கல் செய்கிற சீசன், வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள், சற்குணமும் அதற்கு மேல் தோண்டிக் கேட்க நேரமில்லாமல், யார் யார் கொடுத்தார்கள், ஒவ்வொருவரும் என்ன முறை வேண்டும் என்று எழுதி, அவரவரிடம் கையெழுத்தும் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் ஊரில் சில பேர் அப்படியும் பேசினார்கள். சைக்கிள் கடை இஸ்மாயில் அவளுக்கு மாமா, நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமா, அம்மா அவரை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள், ஆகவே அம்மாவின் அண்ணன் என்று எழுதினாள். பரோட்டாக் கடை பால்துரை அண்ணன். டீச்சர் ரோசலின் சித்தி. வட்டிக்கடை சங்கரபாண்டியன் அண்ணாச்சி. ஆடிட்டரே இரண்டாயிரம் போட்டிருந்தார், அவரைத் தம்பி என்று எழுதினாள். பேங்குக் காகிதத்தை மிஷின் பலகையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேராக வாயால் கூப்பிட்டுப் பார்த்து, வாயில் என்ன வருகிறதோ அதை எழுதிக்கொண்டே போனாள், அத்தனை அண்ணன்மாரையும் அத்தனை மாமன்மாரையும் வரிசையாகக் காகிதத்தில் பார்க்கையில் அவளுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது, ஒற்றை ஆளாம், யார் சொன்னது.

கடைசியில் ஒரு பேரிடம் வந்து பேனா நின்றது.

கோமதிநாயகம். தெருக்கோடியில் பன்னிரண்டு வருஷமாக நூல்கடை வைத்திருப்பவர், நாற்பத்தைந்து வயது, பெண்டாட்டி செத்துப் பல வருஷமாயிற்று, பிள்ளை கிடையாது. நூல், கொக்கி, லேஸ், லைனிங் துணி எல்லாம் அவரிடம்தான் வாங்க வேண்டும். அவர் போட்டது நாலு லட்சம், மேல்காட்டில் இருந்த எலுமிச்சைத் தோட்டத்தில் பாதியை விற்றுப் போட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவரை அவள் என்னவென்று கூப்பிடுவாள் என்று யோசித்தாள். கூப்பிட்டதே இல்லை.

கூப்பிடாமலே பன்னிரண்டு வருஷம் ஒரு ஆளோடு பேசுவதற்குத் தனித் திறமை வேண்டும். செண்பகவடிவு கடைக்குப் போவாள், வெட்டுத் துணியை மேஜையில் வைப்பாள், நூல் அடுக்கைப் பார்த்து "இந்தக் கலருக்கு நூல் இருக்கா" என்று கேட்பாள். அவர் துணியைப் பார்த்துக்கொண்டு "இருக்கு" என்பார். மழை வரும் போலிருக்கிறது என்று அவள் தெருவிடம் சொல்வாள், குடை கொண்டுபோகலாம் என்று அவர் குடையிடம் சொல்வார். அண்ணாச்சி என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் எவ்வளவோ சுலபம், தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது, ஆனால் அந்தச் சொல் அவள் தொண்டையைத் தாண்டி வந்ததில்லை. அவளுக்கு அவரைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, கேட்கிற துணிச்சலும் கிடையாது.

அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு, மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். யாரும் தயங்கவில்லை. இஸ்மாயில் மாமா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"தங்கச்சி மகளுக்கு அன்பளிப்பாக் குடுத்தேன்னு போட்டிருக்கு."

"ஆமா மாமா."

"சரிதான. இதுக்கு எதுக்கும்மா கையெழுத்து?" என்று சொல்லிக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் தெருவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேருக்கும் இடது காதுக்குக் கீழே கடுகளவு கறுப்பு மச்சம் வந்திருந்தது.

அது செண்பகவடிவு வீட்டு மச்சம். அவள் அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருந்தது, அப்பாவும் அம்மாவும் அத்தை மகனும் மாமன் மகளும் என்பதால் அம்மா வழியிலும் இருந்தது. முதலில் கண்டது சவரக்கடை சுப்பையா. பால்துரைக்குக் கிருதா எடுக்கும்போது கத்தி மச்சத்தில் இடறிற்று, "இது எப்ப வந்துச்சு" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியில் தன் காதைத் திருப்பிப் பார்த்தார், அங்கேயும் இருந்தது. மத்தியானத்துக்குள் எல்லார் காதையும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மைனிமார்களுக்கு மட்டும் மச்சம் இல்லை, அவர்கள் கட்டி வந்தவர்கள்தானே, அதுவும் முறைப்படி சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் டீக்கடையில் இதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது, கையெழுத்து என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தானே செய்யும் என்று பால்துரை சொன்னார், மற்றவர்களும் அதை ஒத்துக்கொண்டு அடுத்த டீயைச் சொன்னார்கள்.

சங்கடமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவரை வாய்ச்சொல்லுக்கு அண்ணன் தம்பியாக இருந்தவர்கள் நிஜமாகவே ஒரே ரத்தமாகிவிட்டபோது, நிஜ அண்ணன் தம்பிக்கு உள்ள சண்டையும் கூடவே வந்து சேர்ந்தது, போன வாரம் வரை வீட்டில் என்ன குழம்பு என்று கேட்காததைப் பொருட்படுத்தாதவர்கள் இந்த வாரம் கேட்கவில்லையே என்று முகத்தைத் திருப்பினார்கள், ஒரு வீட்டுக் காதுகுத்துக்குத் தன்னை முதலில் அழைக்கவில்லை என்று ரோசலின் டீச்சர் சாப்பிடாமல் எழுந்து போனார், இரண்டு அண்ணன்மார் செண்பகவடிவின் அப்பா விட்டுப்போன அரை சென்ட் கொல்லையில் தங்களுக்கும் பங்கு வருமே என்று விளையாட்டுக்குச் சொல்லப் போய் அது வினையாகி, டேப் வைத்து அளக்கிற வரைக்கும் போனது. வட்டிக்கடை சங்கரபாண்டியன் பாடுதான் பெரும்பாடு. வாங்கினவன் எல்லாம் கூடப்பிறந்தவன், கூடப்பிறந்தவனிடம் எப்படி வட்டி கேட்பது, கேட்காமல் எப்படிப் பிழைப்பது என்று அவர் கொஞ்ச நாள் கடைக்கதவைப் பாதி சாத்தியே வைத்திருந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்து, வட்டியை வாங்கிக்கொண்டு, வாங்கினதில் பாதியை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் செய்கிற மாதிரி பலகாரமாகக் கொடுத்தனுப்பினார்.

ஆனால் நல்லதும் இருந்தது. ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் நாலு வீட்டில் ரசம் கொதித்தது. பேசாமல் இருந்தவர்களைப் பேச வைக்க ஒரு பெரியப்பா எப்போதும் கிடைத்தார். இஸ்மாயில் மாமா பெருநாளைக்குப் பிரியாணிச் சட்டியைப் பெரிதாக வாங்கினார், சொந்தத்துக்குப் பக்கெட்டில் கொடுத்தனுப்புவது மரியாதையில்லை, உட்கார வைத்துத்தான் போட வேண்டும் என்று தெருவுக்கே பாய் விரித்தார். கொல்லையை அளந்த இரண்டு அண்ணன்மாரும் அந்தப் பாயில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் நிஜமாகவே சிக்கலானது. ஆவணியில் கல்யாணம் நிச்சயமான முப்பிடாதியும் சொர்ணமும் இருவருமே செண்பகவடிவு கணக்கில் பணம் போட்டிருந்தார்கள். அவனைத் தம்பி என்றும் அவளைத் தங்கச்சி என்றும் செண்பகவடிவு எழுதிவிட்டாள், இரண்டு பேர் காதிலும் மச்சம் வந்துவிட்டது, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எப்படி மணவறையில் உட்கார்வது. சொர்ணம் அழுதுகொண்டு வந்து நின்றாள். செண்பகவடிவு அரண்டுபோய், யோசித்துப் பார்த்து, அவள் போட்ட ஐநூறு ரூபாயை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துக் காகிதத்தில் அவள் பேரை அடித்தாள். சாயங்காலத்துக்குள் சொர்ணத்தின் மச்சம் உதிர்ந்துவிட்டது. கல்யாணம் நடந்து அவள் தம்பி பெண்டாட்டியாகத் தெருவுக்குள் வந்தாள், எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். பணத்தைத் திரும்ப வாங்கினால் மச்சம் போய்விடும் என்று அதன் பிறகு தெருவில் எல்லாருக்கும் தெரிந்துபோனது, இருந்தும், அவ்வளவு சண்டையிலும், வேறு யாரும் வந்து பணத்தைக் கேட்கவில்லை. இதை நினைத்தால் செண்பகவடிவுக்குக் கண் நிறைந்துவிடும்.

சற்குணம் காகிதங்களை வாசித்தபோது முதலில் தலையில் கை வைத்தார். ஒரே பிள்ளையாகப் பிறந்தவளுக்கு இத்தனை அண்ணன்மார் எங்கிருந்து வந்தார்கள் என்று அதிகாரி கேட்டால் தன் சான்றிதழே போய்விடும் என்று ஆரம்பித்தவர், பேச்சோடு பேச்சாகத் தன் காதைத் தடவிப் பார்த்தார், தானும் அந்தக் காகிதத்தில் தம்பி என்று கையெழுத்துப் போட்டவர்தான் என்பது நினைவு வந்து அடங்கிவிட்டார். பிறகு ஒவ்வொரு தாளாகப் புரட்டி, ஆதாரம் எல்லாம் காதிலேயே இருக்கிறது, இதைவிட வேறென்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசித் தாளில் நின்றார்.

"அக்கா, இந்த நாலு லட்சத்துக்கு முறை எழுதலையே."

"தெரியல தம்பி."

"தெரியலையா? நூல்கடை அண்ணாச்சிதான? அண்ணன்னு எழுதுங்க, கையெழுத்து வாங்குங்க, காலையில மச்சம் வந்துரும். எழுதலைன்னா நாலு லட்சத்தையும் உங்க வருமானத்தோட சேத்துருவாங்க. வரியும் வட்டியுமா எழுபதாயிரத்துக்குக் குறையாது. ஒரே ஒரு வார்த்தைக்கா."

எழுபதாயிரம் அவளிடம் இல்லை. கையில் கிடந்த இரண்டு வளையல்தான் இருந்தது, பதினைந்து வருஷ ரவிக்கைக் காசில் செய்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள், அதற்குப் பிறகு மிஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போனது. ஒரு கழுத்தை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். எழுதினால் காசு மிஞ்சும், தெருவில் இன்னொரு அண்ணன் கிடைப்பார், பயமில்லாமல் அண்ணாச்சி என்று கூப்பிட்டு நூல் வாங்கலாம், அத்தோடு எல்லாம் முடிந்துபோகும், ஏனென்றால் வடக்குப் பேட்டையில் இப்போது எழுதினது எழுதினபடியே ஆகிறது. எழுதாவிட்டால் வளையல் போகும், போனதற்குப் பிறகும் என்ன கிடைக்கும் என்று அவளுக்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது. ஒருவேளை அவர் பரிதாபப்பட்டுக் கொடுத்த பணமாகக்கூட இருக்கலாம்.

ஊரில் எந்தச் சேதி எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கும். நூல் வாங்கப் போனபோது கோமதிநாயகம் மேஜையிலிருந்த வெட்டுத் துணியை நீவிக்கொண்டே, துணியைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆடிட்டர் சொன்னாக. அண்ணன்னே எழுதிரலாம். நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். என்னால ஒரு நட்டம் வரக் கூடாது."

செண்பகவடிவு அவர் கையிலிருந்த துணியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இவ்வளவுதானா. இவ்வளவு சுலபமாக அந்த வார்த்தையைச் சொல்லிவிட முடிகிறதா ஒரு மனுஷனுக்கு. "எனக்கு அவசரமில்ல" என்று நூல் அடுக்கிடம் சொல்லிவிட்டு, நூலை வாங்காமலே வீட்டுக்கு வந்து, அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசாமல் ஆத்திரத்தோடு கொக்கி தைத்தாள். அவர் முகம் எப்படி இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

புரட்டாசி பிறந்து ஒரு புதன்கிழமை, விசாரிக்க அதிகாரியே வந்தார். லலிதாம்பிகை என்று பேர், ஐம்பதைத் தாண்டிய அம்மாள், தோளில் கனத்த பை. தெரு நடுவில் சங்கரபாண்டியன் கடை நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள், பால்துரை டீ கொண்டு வந்தார், வரிப் பணியில் இருக்கும்போது டீ வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் சொன்னதும், தம் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதவர் என்று மைனிமார்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். பிறகு ஒவ்வொருவராக வந்து, பேர் சொல்லி, முறை சொல்லி, இடது காதைத் திருப்பிக் காட்டினார்கள். அதிகாரி பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக் காட்டின காதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். இஸ்மாயில் மாமாவின் காதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவர் உங்க தாயோட அண்ணனா?"

"ஆமா."

"பேர் இஸ்மாயில்."

"ஆமா."

அதிகாரி மச்சத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "சரி, அண்ணன்தான்" என்று எழுதினார். வேலை ஒழுங்காக நடந்தது. மத்தியான வெயில் ஏறுவதற்குள் முக்கால்வாசி முடிந்து, சற்குணத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக முகத்தில் ரத்தம் ஓடியது. கடைசியாக அதிகாரி ஒரு தாளை எடுத்து வெயிலுக்கு மறைவாகப் பிடித்தார்.

"கோமதிநாயகம். நாலு லட்சம். முறை எழுதலை. அவர் இருக்காரா?"

கூட்டம் விலகிற்று. கோமதிநாயகம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், எதையோ முடிவு செய்துகொண்டு வந்த ஆள் மாதிரி நேராக நடந்து வந்து நின்றார். சற்குணம் செண்பகவடிவின் பக்கம் திரும்பி, சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று அதிகாரி கேட்டார்.

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார், அப்போதுதான் செண்பகவடிவு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள், அந்த முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது, கண் கலங்கியிருந்தது, அண்ணன் என்ற நாலெழுத்தைச் சொல்ல அந்த மனுஷன் உயிரைப் பிடுங்கிப் போடுகிற பாடு பட்டுக்கொண்டிருந்தார், அவள் காசு மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சொல்லாதீங்க" என்றாள்.

தெரு அப்படியே நின்றது. அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இவுக எனக்கு அண்ணன் இல்ல. தம்பி இல்ல. மாமா, சித்தப்பா எதுவும் இல்ல. இன்னைய தேதிக்கு எனக்கு எந்த முறையும் கிடையாது. எவ்வளவு வரின்னு சொல்லுங்க, நான் கட்டுதேன்."

"யோசிச்சுச் சொல்றீங்களா? தொகை கொஞ்சமில்ல."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். ரொம்ப நாளா யோசிச்சது."

லலிதாம்பிகை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் வரியைக் குறைக்க மனுஷர்கள் இல்லாத உறவைச் சொல்லித்தான் அவர் கேட்டிருந்தார். கோமதிநாயகத்தைக் கிட்டே வரச் சொல்லி, இடது காதைத் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்து, "மச்சம் இல்லை. உறவினர் அல்ல" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதி, கீழே அழுத்தமாகக் கோடு போட்டார். பிறகு பால்துரையைப் பார்த்து, வேலை முடிந்துவிட்டது, இப்போது அந்த டீயைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

வளையலை சங்கரபாண்டியன் கடையிலேயே வைத்தாள். அண்ணன் என்ற முறையில் அவர் வட்டி போட மாட்டேன் என்றார், தங்கை என்ற முறையில் அவள் போடத்தான் வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமை பஜார் பேங்கில் வரியைக் கட்டிவிட்டு, ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, கையெல்லாம் வெறுமையாக, சிரிப்பை அடக்க முடியாமல் படியிறங்கி வந்தாள். கீழே கோமதிநாயகம் டி.வி.எஸ். வண்டியோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்தக் காசை நான் தந்திருப்பேன்" என்றார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தந்திருந்தா அதுக்கும் நான் வரி கட்டணும்" என்றாள் செண்பகவடிவு. "நீங்க இன்னும் வெளியாளுதான்."

அவர் கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார்.

"அது ஒங்க கையிலதான் இருக்கு. எனக்காகச் சம்மதம் சொல்ல வேண்டிய ஆளுங்க தெரு பூராவும் இருக்காக. எல்லார்ட்டயும் போய்க் கேக்கணும், ஒரு ஆளு விடாம. ரோசலின் சித்தியத்தான் முதல்ல கேக்கணும், இல்லைன்னா சாப்பிட மாட்டாக."

கோமதிநாயகம் தலையை ஆட்டினார். வண்டியை உதைத்துக் கிளப்பி, பின் சீட்டைக் கையால் தட்டித் தூசி போக்கி, ஏறுவதற்காகக் காத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். பட்டப்பகலில், சந்தை கலைந்து எல்லாரும் வாசலுக்கு வந்திருக்கிற நேரத்தில், அந்த வண்டி வடக்குப் பேட்டைத் தெருவுக்குள் நுழைந்தது; அண்ணன்மாரும் மாமன்மாரும் சித்திமாரும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தெருமுனை வரை சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த செண்பகவடிவு, இஸ்மாயில் மாமா கடையைத் தாண்டும்போது கையை எடுத்து கோமதிநாயகத்தின் தோளில் வைத்தாள்.